சோற்றுக் கைக்கு ஒரு பித்தளைப் பட்டை

குழந்தைக்கு முதன்முதலாகச் செருப்பு வாங்கப் போனபோது நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. போன வாரம் கடைக்காரர் என் மகனின் காலில் வாரை இழுத்து மாட்டிவிட்டு, "கடிக்குதா கண்ணு?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினான். சிவப்புச் செருப்பு கிடைக்கும் என்றால் அவன் எதற்கும் தலையாட்டுவான். நான் அங்கேயே செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அவன் தூங்கிய பிறகும் பார்த்தேன். கணவர் சிரிக்கிறார். பிள்ளை சொல்வதைக் கொஞ்சம் நம்பத்தான் வேண்டும் என்கிறார் மாமியார். அதுவும் சரிதான் என்று தோன்றுகிறது. மறுநாள் மறுபடியும் பார்க்கிறேன்.

நம் வயதுப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஆளுக்கொரு பயத்தைச் சொல்வோம். ஒருத்திக்குக் கிணறு, ஒருத்திக்குத் தெருநாய். என்னுடைய பயம் மட்டும் ஏன் இப்படி விநோதமாக இருக்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள். அன்றைக்குப் பேச்சை மாற்றிவிட்டேன். எழுதினால் சரியாகச் சொல்ல வருமோ என்று பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் ஜவ்வாது மலையில் இருந்தோம். மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளியில் அப்பா கைத்தொழில் ஆசிரியர். மரவேலை, தகரவேலை இரண்டும் சொல்லிக் கொடுப்பார். பள்ளிக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடு எங்களுக்கு. சாமைக் கதிர் தலை சாய்ந்து நிற்கும் பருவத்தில், மத்தியான பஸ்ஸில் ஒரு துணிப்பையோடு அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் தங்கை. சந்தவாசலில் வாழ்க்கைப்பட்டவள். அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிடுவாள்.

அத்தைக்கு வந்தது பெரிய வியாதி. ஊரில் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தன் மகள் சிறுமியாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனவள், வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாள். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வியாதி போய்விட்டது, கை திரும்பி வரவில்லை. வலது கையில் நான்கு விரல்களும் உள்ளங்கைப் பக்கம் மடங்கி நின்றன, எதையோ பிடித்துவிட்டு விட மறந்ததுபோல. இடது கையில் விரல் நுனிகளே இல்லை. இரண்டு கைகளிலும் தொடு உணர்ச்சி கிடையாது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அவள் வெறும் கையால் நகர்த்தியதை ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மா அவளைச் சமையலறைக்குள் விடவில்லை.

துணிப்பையில் அவளுடைய சாமான்கள் இருந்தன. கயிறு சுற்றிய டம்ளர், விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த ஸ்பூன். அந்த ஸ்பூனின் காம்பில் அகலமான தோல்வார் வளையமாகத் தைத்திருந்தது. மெத்தென்ற தோல். உள்பக்கம் கம்பளித்துணி ஒட்டியிருந்தது. கொக்கி, முடிச்சு ஒன்றும் கிடையாது. மடங்கிய விரல்களோடு கையை அப்படியே உள்ளே நுழைத்தால் ஸ்பூன் நின்றுவிடும். சாப்பிட்டதும் பல்லால் இழுத்துக் கழற்றிவிடுவாள். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

அம்மாவுக்கு அந்த ஸ்பூனைக் கண்டாலே ஆகாது. வியாதிக்குப் பயந்து அல்ல. அத்தைக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறவள் அம்மாதான். செருப்புத் தைக்கிற தோல் சோற்றில் படுகிறதே என்பதுதான் அவளுக்குக் குறை. அத்தையிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஸ்பூனை மட்டும் தனியாகக் கழுவி ஜன்னல் கட்டையில் வைப்பாள், மற்றப் பாத்திரங்களோடு சேர்க்க மாட்டாள். அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சாயங்காலம் வெளிச்சம் போவதற்கு முன் அத்தை வாசற்படிக்கு வந்து கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காக. கோலம் பார்ப்பதுபோல் இருக்கும். ஏன் பார்க்கிறாய் என்று கேட்டேன். "சுட்டாலும் வெட்டினாலும் இந்தக் கை என்னாண்ட சொல்லாது பாப்பா. கண்ணாலதான் தெரிஞ்சிக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லிக்கீறாங்க" என்றாள். தண்ணீர் ஊற்றிக் குளிப்பதுபோல அதை ஒரு தினசரி வேலையாகச் செய்தாள்.

ஐப்பசி மழை விட்ட ஒருநாள் மாமா வந்தார், அத்தையின் கணவர். மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வெற்றிலைபாக்குத் தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தார். அத்தைக்கென்று ஒரு புடவையும், மகள் கொடுத்தனுப்பிய மல்லிகைப் பந்தும் கொண்டுவந்திருந்தார். பூ பாதி வாடியிருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் பந்தியில் பெற்றவர்களும் உட்கார வேண்டும். தன் அம்மா தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கல்யாணப் பெண் பிடிவாதம் பிடிக்கிறாளாம். அத்தையின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாருக்கு, பெண்ணின் அம்மாவுக்கு ஏதோ வாதத்தில் கை முடங்கிவிட்டது என்றுதான் தெரியும்.

"நாலு பேரு மாதிரி உக்காந்து சாப்டணும் மச்சான். யாரும் ஊட்டக் கூடாது. ஸ்பூன்ல சாப்டறது கூடப் பரவால்ல, டவுன் பழக்கம்னு சொல்லிக்கலாம். ஆனா இந்தத் தோலு வேணாம். ஆஸ்பத்திரி சாமான்னு பாத்த ஒடனே கண்டுபுடிச்சிடுவாங்க. பந்தியில தோலக் கட்டிக்கினு உக்காந்தா யாரு பக்கத்துல உக்காருவா?"

அம்மா வாசலிலிருந்து, "அது நியாயம்தானே" என்றாள். அத்தை தன் மடியில் இருந்த தோல்வாரைப் புடவைத் தலைப்பால் மூடினாள்.

அப்பா அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார். அம்மாவின் கல்யாணக் குடம் ஒன்று அடியில் விரிசல் விட்டுப் பரணில் கிடந்தது. பித்தளை. அம்மாவே இறக்கிக் கொடுத்தாள். அப்பா அதன் கழுத்தைப் பட்டையாக வெட்டி, அடித்து, அரம் போட்டார். நான் பட்டறை வாசலில் உட்கார்ந்து அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளங்கையைச் சுற்றி வரும் ஒரு பட்டை. புறங்கைப் பக்கம் இறுக்குவதற்குக் கம்மல் திருகாணி மாதிரி ஒரு திருகு. உள்ளங்கைப் பக்கம் ஒரு குழல். அதில் ஸ்பூனின் காம்பைச் செருக வேண்டும்.

முதல் ஸ்பூன் நேராக இருந்ததால் சோறு வாய்க்குப் போகவில்லை. அத்தைக்கு மணிக்கட்டைத் திருப்ப வராது. அப்பா காம்பை வளைத்துக் கொண்டுவந்தார். அத்தை ஒரு வாய் எடுத்துத் தூக்கினாள். ஸ்பூன் கன்னத்தைத் தாண்டிப் போனது.

"ண்ணா, வாய் இங்க கீது. நீ காதுக்குச் சோறு போடப் பண்ணிக் குடுத்துக்கீற."

"காது குத்துன அன்னிக்கி நான் ஊருல இல்ல. அதான் இப்ப சீர் செய்றேன்" என்றார் அப்பா. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அடுத்த ஸ்பூன் வாய்க்கு வந்தது. ஆனால் அதன் விளிம்பு வாழை இலையைக் கிழித்து, ரசம் தரையில் ஓடியது. விளிம்பை மழுக்கினார். சாமைச் சோறு வந்தது, களி வரவில்லை. கல்யாணத்தில் களி போட மாட்டார்கள் என்று அப்பா அதை விட்டுவிட்டார். அம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்து இலை போட்டு, கல்யாண வீட்டில் பரிமாறுவதுபோல் உப்பிலிருந்து ஆரம்பித்துப் பரிமாறுவாள். நான்தான் கல்யாணப் பெண். அத்தை என் பக்கத்தில் உட்காருவாள். ஒரு பருக்கை மடியில் விழாமல் பாயசம் வரைக்கும் சாப்பிட்ட அன்றைக்கு அத்தை இலையை மடித்துவிட்டு என் கன்னத்தில் அந்தப் பித்தளையை வைத்து அழுத்தினாள். சில்லென்று இருந்தது.

தேன் கொடுக்க வந்த மலைக்காரப் பெண் ஒருத்தி அத்தையின் கையைப் பார்த்து, "வாத்தியாரு தங்கச்சிக்குப் புதுசா காப்பு அடிச்சிக்கீறாரு" என்று கையைத் தொட்டுப் பார்த்தாள். அத்தையின் கையை வெளியாள் ஒருத்தி தானாகத் தொட்டாள். அத்தை அதை இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். தோல்வார் ஸ்பூன் ஜன்னல் கட்டையிலிருந்து எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு தொந்தரவுதான் மிச்சம் இருந்தது. குழம்புச் சோற்றின் கனத்தில் பட்டை கையில் சுழன்றுவிடும். அப்பா திருகை இன்னும் கொஞ்சம் முடுக்குவார். ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லண்ணா."

"இன்னொரு சுத்து?"

"சுத்துண்ணா."

அதை இப்போது எழுதும்போது என் கை நிற்கிறது. அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். சட்டியை வெறும் கையால் நகர்த்தியவள் என்று அவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அத்தைக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இருந்தும் கேட்டார், அவளும் பதில் சொன்னாள், பதில் வந்ததும் எல்லாருக்கும் மனம் சமாதானம் ஆகிவிட்டது. கேட்பது நம் வாயில் ஊறிப்போன பழக்கம். இல்லை என்று ஒரு பதில் காதில் விழுந்துவிட்டால், யாரிடம் கேட்டோம் என்பது மறந்துபோகிறது.

திருகை முடுக்க இரண்டு நல்ல கைகள் வேண்டும். காலையில் அம்மா மாட்டிவிட்டால் மத்தியானம் கழற்றி மறுபடி மாட்ட இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். அத்தை கூப்பிடமாட்டாள். அண்ணன் வீட்டில் இருக்கிறோம் என்ற கூச்சம் அவளுக்கு எப்போதும் உண்டு. அதனால் பட்டையைக் கழற்றுவதையே விட்டுவிட்டாள். ஸ்பூனை மட்டும் உருவிவிட்டு, பட்டையோடு இருந்தாள், பட்டையோடு தூங்கினாள். இருக்க இருக்கப் பழகட்டும் என்றார் அப்பா. சாயங்காலம் வாசற்படியில் கையைப் பார்க்கும் வழக்கம் நின்றுபோகவில்லை. ஆனால் பட்டைக்கு வெளியே தெரிந்ததைத்தான் பார்த்தாள். மற்ற இடத்தில் பித்தளை மின்னியது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

மார்கழிக் குளிரில் வீட்டுக்குள் ஏதோ வாடை வந்தது. அம்மா பரணில் எலி செத்திருக்கும் என்று எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாள். பித்தளையில் களிம்பு ஏறினால் இப்படித்தான் நாறும் என்றார் அப்பா. அவர் வேலை தெரிந்தவர். ஒப்புக்கொண்டோம்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் அம்மா அத்தையைக் கிணற்றடியில் உட்காரவைத்தாள். புதுப்புடவைக்குப் பட்டை பளிச்சென்று இருக்க வேண்டும். புளியைக் கரைத்து, உப்புச் சேர்த்து, குடம் தேய்ப்பதுபோலக் கையில் இருந்தபடியே தேய்க்க ஆரம்பித்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அத்தை மகளின் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள், கொழுக்கட்டையைத் திருடித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த கதை. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே அம்மா புளியை விட்டு விரலால் குடைந்தாள். வழிந்த தண்ணீர் புளி நிறத்தில் இருந்தது, பிறகு வேறு நிறமாக வந்தது. அம்மாவின் கை நின்றது. அத்தை கதையை நிறுத்தவில்லை.

"காலையில எழுந்து பாத்தா தலகாணி பூரா எறும்பு அண்ணி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அம்மா திருகைக் கழற்றினாள். பட்டை தானாக வரவில்லை. அதைப் பிரித்து எடுத்தபோது நான் பார்த்ததை இங்கே எழுத மாட்டேன். பட்டையின் விளிம்பு உள்ளங்கைக்குள் ஒரு பள்ளம் தோண்டியிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். உப்பும் புளியும் அதற்குள் இருந்தன. அத்தை குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நாளைக்குத்தான அண்ணி கல்யாணம்?" என்று கேட்டாள்.

பள்ளியிலிருந்து ஓடிவந்த அப்பா காயத்தைக் கழுவி, சுத்தமான வேட்டியைக் கிழித்துக் கட்டினார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அத்தை மாட்டேன் என்றாள். கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்கேயும் வருவேன் என்றாள். அம்மாவும் அப்பாவும் உள்ளே போய்ப் பேசினார்கள். அப்படியே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமா, தூக்கிக்கொண்டாவது போயிருக்கலாமா என்று நான் இன்றும் யோசிக்கிறேன். ஆனால் அவள் வாழ்க்கையில் எதிர்பார்த்திருந்தது அந்த ஒரு பந்தியைத்தான்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் மலையிறங்கினோம். போளூரில் வண்டி மாறினோம். மடியில் வெள்ளைக் கட்டோடு கையை வைத்துக்கொண்டு, பட்டுப்புடவையில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கட்டுத்துணியில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. அம்மா மேலே ஒரு கைக்குட்டையைச் சுற்றினாள். அதுவும் ஊறியது.

சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் மாமா நின்றிருந்தார். சந்தனப்பொட்டு, புதுவேட்டி. முதலில் அத்தையின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"இன்னா மச்சான் இது?"

அப்பா சொன்னார். வியாதி இல்லை, பட்டை அறுத்தது, நான் செய்த பட்டை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எனக்குப் புரியுது. அவங்களுக்கு யாரு புரியவைக்கிறது? புண்ணும் கட்டுமா வந்து நின்னா இன்னா நெனைப்பாங்க? நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்க வண்டியப் பூட்டிடுவாங்க." பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். "பொண்ண நெனச்சிப் பாரு."

அத்தை அங்கிருந்த அரிசி மில்லின் தாழ்வாரத்துக்கு நடந்துபோய் உட்கார்ந்துகொண்டாள். மில் அன்றைக்கு ஓடவில்லை. தவிடு வாசனை மட்டும் இருந்தது. அவளை யாரும் அங்கே போகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தோல்வாருக்குள் கம்பளி எதற்கு ஒட்டியிருந்தது என்பதை அங்கே ஒருவர் அப்பாவுக்கு விளக்கினார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். அத்தை எங்களோடு சில வருஷம் இருந்தாள். வேறு ஸ்பூன் எதுவும் வேண்டாம் என்றாள். கடைசிவரை அம்மாதான் ஊட்டினாள். மகள் ஒரே ஒரு தடவை கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையை நீட்டியபோது அத்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். பட்டை எங்கே போயிற்று என்று தெரியாது. மலையை விட்டு வரும்போது சாமான்களில் அது இல்லை.

அன்றைக்கு மில் தாழ்வாரத்தில் எங்களுக்குக் கெட்டிமேளம் கேட்டது. அத்தை கட்டுப்போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் மாமாவே ஒரு கூடையில் இலையும் சோறும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிற்காமல் திரும்பிப் போனார். பந்தி போட்டாகிவிட்டது. பரிமாறுகிறவர்களை யாரோ அதட்டுவது எங்கள்வரை கேட்டது. பெண்ணுக்குப் பக்கத்து இலையில் யாரை உட்காரவைத்தார்களோ.

அம்மா இலையைப் போட்டாள். பழக்கத்தில் உப்பை முதலில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்தார். ஆவி பறந்தது. ஒரு கவளம் உருட்டி அத்தையின் வாயில் கொடுத்துவிட்டு, "சுடுதாம்மா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

அத்தை மென்று விழுங்கினாள்.

"சுடுதுண்ணா. வாய்க்குத் தெரியுது. ஊதிக் குடு."

அப்பா அடுத்த கவளத்தை உருட்டி ஊதினார். அது ஆறிய பிறகும் ஊதிக்கொண்டே இருந்தார். அத்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.